எழுத்தில் இருந்தால் சிமிட்டுவேன்

ஐந்து வாரத்தில் நடந்தவை, வரிசைப்படி:

1. மலேசியாவில், ஜோகூரின் தெப்ராவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து, கால் வளைந்த கனெக்டர் ஒன்று வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. பெட்டியின் மேல் எக்ஸ்ரே அக்காவின் முத்திரை இருந்தது.
2. விதிப்படி அக்காவுக்குப் பரிசோதகர் தேர்வு வைத்தேன். அக்கா தேறவில்லை.
3. விளக்கில் கோளாறு என்றார். விளக்கை மாற்றினோம். பூதக்கண்ணாடியில் கோளாறு என்றார். அதையும் மாற்றினோம்.
4. கண்தான் காய்ந்து போயிருக்கிறது என்றார் கண் டாக்டர்.
5. காய்ந்ததை நனைக்க வேண்டும் என்று முடிவு செய்து, அக்கா அழத் தொடங்கினார்.
6. நன்றாக அழுத பிறகு இரண்டாவது தேர்வுக்கு உட்கார்ந்தார். முதல் தடவையைவிட மோசம்.
7. ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான். மிச்சம் ஒன்று.

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. தரக்கட்டுப்பாட்டு இஞ்சினியர் வேலை அப்படி ஆக்கிவிட்டது. ஆனால் எக்ஸ்ரே அக்கா ஏழு வரியில் அடங்குகிற ஆள் இல்லை. ஜோகூர் மாநிலத்தில் மனிதக் கைபட்ட எந்தப் பொருளிலும் குறை கண்டுபிடிக்கக்கூடிய ஒரே மனிதப் பிறவி அவர். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறேன்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். தமிழர்களுக்கு அவர் எக்ஸ்ரே அக்கா, மலாய்க்காரர்களுக்கு காக் எக்ஸ்ரே. அப்போது வயது ஐம்பத்தெட்டு. ஆனாலும் யாரும் ஆன்ட்டி என்று கூப்பிட முடியாது. கூப்பிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் விழும். எங்கள் இடத்தில் நல்ல சாமானுக்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதற்குச் சிவப்பு. அக்காவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் சிவப்பு இருக்கும். கேன்டீன் கறிபாப்பில் உருளைக்கிழங்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஒரு சிவப்பு. லைன் லீடர் குமார் அண்ணன் ஒரு நாள் மீசையை ஏற்றத்தாழ்வாக வெட்டிக்கொண்டு வந்தபோது, அவருடைய அடையாள அட்டையில் இடது மீசைக்கு நேராக ஒரு சிவப்பு. என் கல்யாணத்துக்கு வீட்டில் பார்த்த ஒரு மாப்பிள்ளையின் போட்டோவை அவரிடம் காட்டினேன். போட்டோ எனக்குத் திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் மூக்கு தெரியவில்லை.

நாங்கள் செய்யும் கனெக்டர், கார்களுக்குள் வயர்களைப் பூட்டும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு. விரல் நகம் அளவுதான். அதற்குள் முடிபோல இருபது பித்தளைக் கால்கள். ஒரு கால் வளைந்திருந்தாலும் எங்கோ ஒரு கார் நடுரோட்டில் நிற்கும். ஒரு தட்டில் நாற்பது துண்டு. அவற்றைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறார்.

அந்தப் பதினெட்டு வருடமும் அவர் ஒரு கொள்கையோடு பார்த்தார். ஒரு தட்டுக்கு ஒரு சிமிட்டு. நாற்பதும் முடிந்து அடுத்த தட்டை இழுக்கும்போது மட்டும் இமையை மூடித் திறப்பார். நடுவில் மூடுவது, காவலுக்கு நிற்பவன் தூங்குவதற்குச் சமம் என்பது அவர் எண்ணம். "கண்ண மூடுற நேரத்துல ஒண்ணு தப்பிச்சுப் போச்சுன்னா யாரு போயி பிடிக்கிறது?" என்பார். அவரைப் பார்த்து அந்த வரிசையில் இருந்த மற்ற ஐந்து பெண்களும் அப்படியே பழகிவிட்டார்கள். ஒருமுறை ஜப்பானிலிருந்து வந்த வாடிக்கையாளர் அந்தப் பக்கம் நடந்து போனார். அசையாத பன்னிரண்டு கண்களைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஓய்வு நேரம் தருகிறீர்களா என்று மேலாளரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இன்னொரு கொள்கையும் உண்டு. எழுத்தில் இருப்பதைத்தான் செய்வார். எழுத்தில் இல்லாததைச் செய்யமாட்டார். தீயணைப்புப் பயிற்சி மூன்று மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். மணி இரண்டு ஐம்பத்தைந்துக்கே அடித்துவிட்டது. முந்நூறு பேரும் திடலில் நிற்கிறோம், ஒரு தலை குறைகிறது. சரியாக மூன்றுக்கு அக்கா நடந்து வந்து வரிசையில் நின்றார். நிஜமாகவே நெருப்புப் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "நெருப்புக்கு எழுத்து வேணாம்மா. பயிற்சிக்கு வேணும்ல?" என்றார்.

இப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு கெட்டது தப்பியது என்றால், சூரியன் அன்றைக்கு லீவு என்பது மாதிரி.

தேர்வு எளிமையானது. முந்நூறு துண்டுகள். அவற்றில் எத்தனை கெட்டவை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரு கெட்டதை விட்டாலும் தோல்வி. மூன்று முறை தோற்றால் பக்கத்துக் கட்டடத்தில் பேக்கிங் பிரிவு. சம்பளம் அதேதான். நல்ல மனிதர்கள், நல்ல வேலை. ஆனால் அக்காவுக்கு அறுபதாகி ஓய்வு பெற இன்னும் இருபது மாதம் இருந்தது. பரிசோதகர் நாற்காலியிலிருந்து எழுந்துதான் வீட்டுக்குப் போவேன் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "அங்க எல்லாத்தையும் மூடுறாங்க. நான் தொறந்து பாக்குறவ" என்றார் என்னிடம்.

முதல் தேர்வில் ஒன்றை விட்டார். விளக்கு, பூதக்கண்ணாடி, மேசையின் உயரம், அன்றைக்குப் பெய்த மழை என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். அதற்கும் மேலே அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்து, தோல்வியில் அக்கா அழுகிறார் என்று லைன் முழுக்கப் பேச்சு. அழவில்லை, எரியுது என்றார். நான் என் காரில் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, மலாயில் பேசினார். அக்காவின் இரண்டு கீழிமையிலும் மெல்லிய தாள்பட்டையைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். அக்கா அதையும் தேர்வு என்றே எடுத்துக்கொண்டார். முஷ்டியை இறுக்கி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். பட்டையை எடுத்துப் பார்த்தால் நுனி மட்டும் லேசாக நனைந்திருந்தது.

"நல்லா காஞ்சிருக்கு. அப்ப பாஸ்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயது கூடும்போது, அதிலும் பெண்களுக்கு, கண்ணீர் குறையும், அதன் தரமும் குறையும். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. இமை ஓரத்தில் இருக்கும் சின்னச் சுரப்பிகள் கொஞ்சம் எண்ணெய் விடும், அந்த எண்ணெய்தான் தண்ணீர் ஆவியாகாமல் மேலே மூடி நிற்கும். அந்தச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் கண் காயும், மங்கும், உறுத்தும். உறுத்தல் தாங்காமல் கண் திடீரென்று நீரைக் கொட்டும். அது வழிந்து போய்விடும், நிற்காது. அதனால்தான் காய்ந்த கண்ணில் நீர் வடிகிறது. ஏர்கான் காற்றும் சிமிட்டாமல் பார்ப்பதும் அதை இன்னும் கெடுக்கும். செயற்கைக் கண்ணீர் என்று ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். இமைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அடிக்கடி சிமிட்டச் சொன்னார்.

காரில் ஏறியதும் அக்கா மூன்றையும் தள்ளுபடி செய்தார்.

"சாஆ ஊர்ல செம்பனைத் தோட்டத்துல பொறந்து வளந்தவ நான். எண்ணெ எடுக்குற அந்தக் காய்லயே கெடந்திருக்கேன். எனக்குப் போயி எண்ணெ இல்லைங்குது அந்தம்மா."

"சொட்டு மருந்தாவது போடுங்கக்கா."

"கண்ணீரப் போயி கடையில வாங்குவாங்களா? அட, அலமாக்! என்கிட்ட இல்லாத கண்ணீரா?"

பட்டியலின் ஐந்தாம் வரி இப்படித்தான் தொடங்கியது.

முதலில் தொலைக்காட்சித் தொடர். மாசாயில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எந்தத் தொடருக்கு அதிகம் அழுகிறார்கள் என்று விசாரித்து அதைப் பார்த்தார். பலனில்லை. கதாநாயகி ஆஸ்பத்திரியில் கிடக்கும் காட்சியில், கட்டு முன்பு வலது கையில் இருந்தது, இப்போது இடது கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அரை மணி நேரம் சிரித்தாராம்.

அடுத்தது வெங்காயம். கோவில் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை வெங்காயத்தையும் தானே வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தன என்று சமையல்காரர் இன்றுவரை பேசுகிறார். அன்றைக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. மறுநாள் காலை இரண்டு கண்ணும் தக்காளி. இமைக்குள் யாரோ மணலைக் கொட்டியது போல இருக்கிறது என்றார். "மருந்து வேல செய்யுது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு துக்க வீடு. அடுத்த புளோக்கில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அக்காவுக்கு அவரைத் தெரியாது. அதை ஒரு தடையாக அவர் நினைக்கவில்லை. தேர்வுத் தேதியைச் சொல்வதற்காக அன்றைக்கு நான் அவரைத் தேடிப் போனேன். கூடாரத்துக்குள் முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய மின்விசிறி. காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் கண்ணீர் நிற்காமல் வழிகிறது. பெற்ற மகள்களே அவ்வளவு அழவில்லை. செத்துப் போனவரின் மனைவி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"யாரும்மா அந்தப் பொம்பள? எங்க வீட்டுக்காரருக்கு எப்படிப் பழக்கம்?"

"பழக்கமெல்லாம் இல்லைங்கம்மா. அவங்களுக்குக் கண்ணு சரியில்ல."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் எதக் கேட்டாலும் ஒரு வியாதி சொல்லுவாரு."

அக்காவை நான் அங்கிருந்து கிளப்புவதற்குள் அந்த மனிதருக்கு முப்பது வருடமாக இருந்த நல்ல பெயர் போய்விட்டது.

மறுவாரம் இரண்டாவது தேர்வு. இரண்டு கெட்டதை விட்டார். முடிவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான். அன்றைக்கு மதியம் குமார் அண்ணன் என் மேசைக்கு வந்து, அடுத்த முறை கொஞ்சம் சுலபமான தட்டுகளாகத் தயார் செய்யலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. பின்னாலிருந்து கை ஒன்று நீண்டு, அண்ணனின் சட்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியது. என் மேசையில் இன்னொன்று. அக்கா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

சலுகை கூடாது, அக்கா தேற வேண்டும் என்று இரண்டு வரி எழுதினேன். அதற்கு ஒரு வழிதான் இருந்தது. அவர் நம்பும் மொழியில் பேச வேண்டும்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அவரை நிறுத்தி வைத்தேன். பொடி எழுத்துத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டேன். சிமிட்டாமல் எழுத்துகளைப் பாருங்கள், மங்கும்போது சொல்லுங்கள் என்றேன். ஒன்பதாவது விநாடியில் மங்குது என்றார். ஒரு முறை சிமிட்டியதும் தெளிந்துவிட்டது. ஐந்து முறை செய்தோம். ஒன்பது, எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது. எண்களைத் தாளில் எழுதி அவர் முன் வைத்தேன்.

"ஒம்பது விநாடியில எத்தன பீஸ் பாப்பீங்க?"

"ஆறு. கை வேகமா இருந்தா ஏழு."

"தட்டுல நாப்பது இருக்குக்கா."

அவர் அந்தத் தாளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப ஏழுலேர்ந்து நாப்பது வரைக்கும் நான் குத்துமதிப்பாவா பாத்துக்கிட்டிருக்கேன்?" குரல் சின்னதாக இருந்தது. "பதினெட்டு வருஷமாவா?"

"இல்லக்கா. முன்னாடி உங்க கண்ணு தாங்குச்சு. இப்பத்தான் தாங்கல. பழைய பதிவெல்லாம் பாத்துட்டேன். ஒண்ணுகூடத் தப்பல."

அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எரிச்சலா வேறு எதுவுமா என்று நான் கேட்கவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிமிட்டணும்னா எழுதிக் குடு."

"என்னக்கா?"

"செய்முறைத் தாள்ல ஏத்து. எழுத்துல இருந்தா சிமிட்டுறேன்."

வேலையைப் படிப்படியாகச் சொல்லும் செய்முறைத் தாளில் ஒரு வரி சேர்க்க எங்கள் தொழிற்சாலையில் நான்கு கையெழுத்து வேண்டும். நான்குக்கும் நான் அலைந்தேன். குமார் அண்ணன் சிரித்துக்கொண்டே போட்டார். பாதுகாப்பு அதிகாரி, ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்று தெளிவாக இல்லையே என்றார். இரண்டு கண்ணும் என்று சேர்த்தேன். மனிதவளப் பிரிவு, புதிய செயல்முறை என்றால் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்த பதிவு வேண்டும் என்றது. ஆறு பெண்களையும் உட்கார வைத்து, கண் சிமிட்டுவது எப்படி என்று செய்து காட்டினேன். பயிற்சியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. மேலாளர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதற்கெல்லாமா ஒரு தாள் என்று கேட்டார். வாடிக்கையாளர் புகாரை அதன் பக்கத்தில் வைத்தேன். மங்கிய கண்ணால் பார்த்ததுதான் புகாருக்குக் காரணம், அதற்கான தீர்வு இது, வேறு மலிவான தீர்வு இருந்தால் சொல்லுங்கள் என்றேன். போட்டார். இப்படியாக ஆறாவது படி பிறந்தது: ஐந்து துண்டுக்கு ஒருமுறை, இரண்டு கண்களையும் முழுமையாக மூடி, இரண்டு தடவை சிமிட்டவும்.

அக்கா அதைப் படித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அன்று மதியத்திலிருந்து சிமிட்டினார்.

பிறகு, வீட்டுக்கும் ஒரு தாள் கேட்டார். காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் வெந்நீர்த் துணி ஒத்தடம், டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சொட்டு மருந்து என்று எழுதிக் கொடுத்தேன். ஆவண எண் எங்கே என்றார். எண் போட்டுக் கொடுத்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறியது.

மிச்சம் இருந்தது நாற்காலி. அக்காவின் இடம் வரிசையில் நான்காம் நாற்காலி, ஏர்கான் துவாரத்துக்கு நேர் கீழே. ஜோகூர் வெயிலில் அதுதான் சிம்மாசனம். கதவோரத்தில் புழுங்கிக்கொண்டு தொடங்கி, பதினெட்டு வருடம் ஏறி ஏறி அங்கே வந்து சேர்ந்திருந்தார். அதை விட்டு வரச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் ஒரு காலை நான் போனபோது அவரே தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு கதவோரத்து முதல் நாற்காலிக்குப் போய்விட்டார். "இங்கதான் வெளிச்சம் சரியா வுழுது. சீனியர் சீட்டுன்னா இதுதான்" என்று அறிவித்தார். இரண்டே வாரத்தில் மற்ற ஐந்து பேருக்கும் கதவோரம் வேண்டும் என்று சண்டை வந்துவிட்டது. சிம்மாசனம் அவர் கூடவே நடந்து போயிருந்தது.

மருந்தும் ஒத்தடமும் பழக ஒரு மாதம் விட்டுத்தான் மூன்றாவது தேர்வு வைத்தேன். தட்டுகள் நான் தயாரித்ததிலேயே கடினமானவை. குமார் அண்ணன் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்றார். எப்போதும் எட்டு நிமிடம்தான். அக்கா தொடங்கினார். ஐந்து துண்டு, இரண்டு சிமிட்டு. ஐந்து துண்டு, இரண்டு சிமிட்டு. கோவில் மணி அடிப்பது போல நிதானம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த வேகத்தில் எட்டு நிமிடத்துக்குள் முந்நூறு முடியாது.

முடியவில்லை. அண்ணன் கடிகாரத்தை நிறுத்தியபோது அவர் கையில் இருந்தது இருநூற்று முப்பதாவது.

"டைம் ஆச்சுக்கா."

அக்கா தலையைத் தூக்கவில்லை. "எட்டு நிமிசம்னு எழுத்துல இருக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். தேர்வு விதிகளை எழுதியவள் நான். பதினோரு பக்கம். கோப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். மறுபடியும் புரட்டினேன். விளக்கின் வெளிச்சம் எவ்வளவு என்று இருந்தது. மேசையின் நிறம்கூட இருந்தது. நேரம் எங்கேயும் இல்லை. எட்டு நிமிடம் என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இல்லக்கா" என்றேன்.

"அப்ப சரிலா" என்றார். இரண்டு தடவை சிமிட்டிவிட்டு இருநூற்று முப்பத்தொன்றாவதை எடுத்தார்.

பத்து நிமிடம் இருபது விநாடியில் முடித்தார். கெட்டவை ஏழு. ஏழின் மேலும் சிவப்பு.

இப்போதைய நிலவரம்: எக்ஸ்ரே அக்கா கதவோரத்து நாற்காலியில் இருக்கிறார். கண் முழுதாகக் குணமாகவில்லை. இது குணமாகி ஓடுவதில்லை, பார்த்துக்கொள்ள வேண்டியது என்றுதான் டாக்டர் சொல்கிறார். சொட்டு மருந்தைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார், ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் சோதித்த பிறகு. போன மாதம் வருடாந்திரத் தேர்வு எழுதினார். பதினோரு நிமிடம், தேர்ச்சி. அறுபது ஆக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

தேர்வு விதிகளில் நேர வரம்பைச் சேர்க்க வேண்டும் என்பது என் வேலைப் பட்டியலின் முதல் வரியில் பத்து மாதமாக இருக்கிறது. எந்த வேலையையும் நான் ஒரு வாரத்துக்கு மேல் பட்டியலில் வைத்திருந்தது கிடையாது. இதை இன்னும் ஏழு மாதம் வைத்திருப்பேன்.